கனமும் கனிமமும்

ஆற்றுத் தூய்மை வாரியத்தின் வாசலில் ‘சந்தேகமே தூய்மையின் தொடக்கம்’ என்று பித்தளை எழுத்தில் பதித்திருந்தார்கள். அதன் கீழே, ‘பித்தளை எழுத்துகளைத் தொட வேண்டாம்’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதற்கும் கீழே, ‘தாளைக் கிழிப்பவர்கள் கண்காணிக்கப்படுகிறார்கள்’ என்று இன்னொரு தாள்.

மூன்றையும் வாசித்தார் புரூஃப்காரர். அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் வேலை. எந்த எழுத்தைப் பார்த்தாலும் முதலில் அதில் என்ன தப்பு என்றுதான் தேடுவார். மூன்றிலும் பிழை இல்லை. ஓர் அலுவலகம் இவ்வளவு கவனமாக எழுதியிருப்பது அவருக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

அவர் கையில் ஒரு பாட்டில். அதில் அவர் வீட்டுக் குழாய்த் தண்ணீர்.

அந்தத் தண்ணீர் வந்த கதை சுருக்கமானது. அவருடைய மகள் சிட்டுவுக்குச் சில மாதங்களாக வயிற்றுவலி. சாப்பாட்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேற்று எழுதிய எழுத்தை இன்று யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, “ஈயம் இருக்குங்க. இருக்க வேண்டியதுக்கு மேல ரொம்ப இருக்கு. தண்ணி எங்கேருந்து வருது?” என்று கேட்டார்.

“ஆத்துலேருந்து.”

டாக்டர் பேனாவை மூடினார். “முதல்ல தண்ணிய மாத்துங்க. மருந்து இப்ப ஆஸ்பத்திரியில கையிருப்பு இல்ல. வந்தாலும், அதே தண்ணியக் குடிச்சுக்கிட்டே மருந்து சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது.”

ஆறு நகரத்தைத் தாண்டித்தான் அவர்கள் தெருவுக்கு வந்தது. வருகிற வழியில் பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகைகள், முலாம் பூசுகிற பட்டறைகள், செத்த கம்ப்யூட்டர்களை எரித்துக் கம்பி எடுக்கிற மைதானம் எல்லாவற்றையும் நலம் விசாரித்துக்கொண்டு, பாலத்துக்கு அடியில் பெரிய சாக்கடையையும் கூட்டிக்கொண்டு வரும். பாலத்தைத் தாண்டியதும் பம்ப் நிலையம். அங்கே வலை வைத்து இலைகளையும் செருப்புகளையும் வடிகட்டிவிட்டு மற்றதையெல்லாம் குழாயில் அனுப்புவார்கள்.

கேன் தண்ணீர் வாங்கிப் பார்த்தார்கள். புரூஃப்காரரின் மனைவிக்கு அதன் ருசி பழகிய ருசியாக இருந்தது. கேன் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து போனார். வண்டி அதே தெருமுனைக் குழாயில் நின்று கேன்களை நிரப்பிக்கொண்டிருந்தது. “நம்ம தண்ணிய நமக்கே மூடி போட்டு விக்கிறான்,” என்றார் வீட்டுக்கு வந்து.

அடுத்த தெருவில் ஏரித் தண்ணீர்க் குழாய் ஓடியது. அதை இந்தத் தெருவோடு இணைப்பது ஒரு நாள் வேலை என்று குடிநீர்ப் பொறியாளரே சொன்னார். “ஆத்துத் தண்ணியில கன உலோகம் இருக்குன்னு வாரியம் ஒரு வரி சொல்லட்டும். மறுநாளே இணைச்சுடறேன்.”

அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் பாட்டிலோடு வந்திருந்தார்.

“பாட்டில்ல என்ன?” என்றார் காவலாளி.

“ஆத்துத் தண்ணிங்க. காட்டலாம்னு.”

“ஆத்து ஆபீசுக்கே ஆத்துத் தண்ணியா? ஏன், எங்ககிட்ட இல்லையா?” காவலாளி பாட்டிலை வாங்கி முகர்ந்தார். பிறகு வாசலில் இருந்த பூந்தொட்டியில் ஊற்றினார். அதிலிருந்த செடி ஏற்கெனவே செத்துத்தான் இருந்தது. எனவே வாரியத்தின் மேல் யாரும் பழி போட முடியாது.

உள்ளே புகார்களைத் தட்டச்சு செய்யும் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ‘திருத்தம் மேடம்’ என்று அவருக்குப் பெயர். மக்கள் சொல்வதை அப்படியே அடிப்பது தன் படிப்புக்கு இழுக்கு என்று நினைப்பவர்.

“சொல்லுங்க.”

“ஆற்றில் கன உலோகம் கலந்திருக்கிறது…”

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. “கன உலோகமா? கனமில்லாத உலோகம்னு ஒண்ணு இருக்கா?”

“இல்லைங்க, அதுக்குப் பேரே அதான். ஈயம், காட்மியம், பாதரசம் இந்த மாதிரி…”

“எனக்கே தமிழா? அது கனிம உலோகம். ‘னி’ வர்ற இடத்துல ‘ன’ போட்டுட்டு, ‘ம’வை முழுங்கிட்டீங்க.”

“மேடம், நான் புரூஃப் ரீடர்.”

“அப்ப இன்னும் அதிகமா வெட்கப்படணும்.” திருத்தம் மேடம் அடித்து முடித்தார். ‘ஆற்றில் கனிம உலோகம் ஏராளமாக இருப்பதைக் கண்டறிந்துள்ளேன். உடனடி நடவடிக்கை தேவை.’ அதை ஒருமுறை வாசித்துப் பார்த்தவருடைய குரல் திடீரென்று இறங்கியது. “நிஜமாவே ஏராளமா இருக்கா?”

“டாக்டர் அப்படித்தான் சொன்னாருங்க.”

“டாக்டருக்கும் தெரியுமா?” சுற்றுமுற்றும் பார்த்தார். “வேற யார் யாருக்குத் தெரியும்?”

எழுத்துப்பிழைக்காக ஊரில் எத்தனையோ பேரோடு சண்டை போட்டவர் புரூஃப்காரர். அன்று மட்டும், போகட்டும், பெரிய இடம், அவர்களுக்குள் புரிந்துகொள்வார்கள் என்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவர்கள் புரிந்துகொண்டார்கள். அந்த வாரமே வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. வாரியத்தில் ஐயப் பிரிவு என்று ஒன்று உண்டு. தூய்மைப் பிரிவில் இருந்த ஆட்களை எல்லாம் மெல்ல மெல்ல அங்கேதான் மாற்றியிருந்தார்கள். ஜீப்பில் இருந்து இறங்கியவர் அந்தப் பிரிவின் அதிகாரி. நாற்காலியைக் காட்டினால் முதலில் அதன் அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

“கண்டுபிடிச்சது நீங்கதானா?”

“ஆமாங்க. ஆனா அது கனிமம் இல்லைங்க. கன உலோகம். கனம்.”

“எடை வேற பார்த்து வெச்சிருக்கீங்க,” என்றார் அதிகாரி, குறித்துக்கொண்டே. “என்ன தொழில்?”

“அச்சகத்துல வேலை.”

அதிகாரியின் புருவம் ஏறியது. “அந்தக் காலத்துல அச்சு எழுத்தெல்லாம் ஈயத்துலதானே வார்ப்பாங்க?”

“இப்ப எல்லாம் கம்ப்யூட்டர் சார்.”

“அப்ப அந்த ஈயமெல்லாம் எங்க போச்சு?”

புரூஃப்காரர் இதை யோசித்ததே இல்லை. யோசித்தார். அவர் யோசித்ததும் குறிக்கப்பட்டது.

“நேராவே கேக்கறேன். ஆத்துல இருக்கிற உலோகம் அரசாங்கத்துச் சொத்து. அதுல நீங்க எடுத்தது இப்ப எங்க இருக்கு?”

“நான் எங்க சார் எடுத்தேன்? என் பொண்ணு ரத்தத்துல இல்ல இருக்கு!”

அதிகாரி நிதானமாக எழுதினார். ‘பதுக்கிய இடம்: மகள்.’

வாசலில் இருந்து இதையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் பக்கத்து வீட்டில் குடியிருந்த வீட்டுத்தரகர். புரூஃப்காரர் புகார் கொடுக்கப் போகிறார் என்று தெரிந்த நாளில் இருந்தே அவருக்குக் கொதிப்பு. “அண்ணே, உங்க பொண்ணுக்கு வயித்துவலின்னா பூச்சி மருந்து குடுங்க. தெருத் தண்ணி பேரைக் கெடுத்தா நாளைக்கு இங்க வீடு எவன் வாங்குவான்?” என்று சண்டைக்கு வந்தவர். ஜீப் போனதும் முதல் ஆளாக வந்தார். “ஏண்ணே, புதையலா? ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லக் கூடாதா?”

அடுத்து வாரியம் ஆற்றைப் பரிசோதித்தது. முன்பும் பரிசோதிப்பார்கள். ஆனால் அந்த முறை வேறு. படகில் போய் மேலாக ஒரு கரண்டி அள்ளுவார்கள். கனமானது எதுவாக இருந்தாலும் அடிக்குப் போய்விடும், அடியில் இருப்பது சேறு, சேறு வேறு துறை என்பது வாரியத்தின் நிலைப்பாடு. அதன்படி ஆண்டுதோறும் ஆற்றில் ஒன்றும் இல்லை என்று சான்று வந்தது. இப்போது தேடுவது அழுக்கை அல்ல, சொத்தை. முழங்கால் சேற்றில் இறங்கி, கூடை கூடையாக அள்ளி, ஆய்வகத்தில் இரவு பகலாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஈயம் இருந்தது. காட்மியம் இருந்தது. குரோமியம், பாதரசம், நிக்கல் எல்லாம் இருந்தன. அதே ஆறு, அதே ஆட்கள்.

கரையில் வேலி போட்டார்கள். ‘உலோக வளப் பகுதி. அத்துமீறுவோர் தண்டிக்கப்படுவர்’ என்று பலகை நட்டார்கள். தரகர் அன்று மாலையே தன் விளம்பரங்களில் ‘உலோக வளப் பகுதிக்கு மிக அருகில்’ என்று சேர்த்தார்.

வேலித் திறப்பு விழாவில் வாரியத் தலைவர் பேசினார்.

“பெரியோர்களே! இந்த ஆற்றில் உலோகமே இல்லை என்று நாங்கள் ஆண்டாண்டாகச் சான்றளித்து வந்தோம். சிலர் அதைப் பொய் என்றார்கள். ஆம், பொய்தான்! ஆனால் யாருக்காகச் சொன்ன பொய்? உங்களுக்காக! இவ்வளவு செல்வம் கிடப்பது தெரிந்தால் நீங்கள் திருடிவிடுவீர்களே என்ற அக்கறையில் சொன்ன பொய்!”

கைதட்டினார்கள். எதற்காகத் தட்டுகிறோம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டும் தட்டினார்கள்.

“இந்தச் செல்வம் வானத்திலிருந்து விழுந்ததா? பேட்டரி உடைக்கும் நண்பர்கள், முலாம் பூசும் நண்பர்கள், கம்ப்யூட்டர் எரிக்கும் நண்பர்கள், ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் ஆற்றில் சேர்த்து வைத்தது. இத்தனை நாள் இவர்களைக் கழிவு கொட்டுபவர்கள் என்று இழிவாகச் சொன்னோம். இன்று முதல் இவர்கள் வைப்பாளர்கள்!”

முன்வரிசையில் இருந்த வைப்பாளர்கள் எழுந்து அடக்கமாகச் சிரித்தார்கள்.

“ஐயா, அந்தத் தண்ணியத்தான் நாங்க குடிக்கறோம்,” என்று கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்றார் புரூஃப்காரர். “என் பொண்ணு உடம்புல ஈயம் ஏறியிருக்கு. அதைத்தான் நான் புகாரா குடுத்தேன்.”

மேடையில் சலசலப்பு. தலைவர் ஐயப் பிரிவு அதிகாரியின் பக்கம் சாய்ந்தார். ஒலிபெருக்கி அணைக்கப்படாததால் எல்லோருக்கும் கேட்டது. “குடிக்கறாங்களா? எவ்வளவு நாளா?”

“குழாய் போட்ட நாளா சார்.”

“அப்ப அவ்வளவு சரக்கும் வீட்டுக்கு வீடு போயிருக்கா? குழாய் போட்டுத் திருடியிருக்காங்க, நீங்க என்னய்யா பண்ணிட்டிருந்தீங்க?”

அன்று இரவுக்குள் பம்ப் நிலையத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். உலோகம் ஒரு துளிகூடத் தெருவுக்குள் போகக் கூடாது என்று உத்தரவு. தண்ணீர் இல்லாமல் தெரு கத்துமே என்று, அடுத்த தெருவின் ஏரிக் குழாயை இழுத்து இணைத்தார்கள். பொறியாளர் சொன்னபடி ஒரே நாள் வேலை.

குழாயைத் திறந்து பார்த்தார் புரூஃப்காரரின் மனைவி. தண்ணீர் தெளிவாக விழுந்தது. அதைப் பிடிக்காமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஏங்க, இவங்க நமக்கு நல்லது பண்ணியிருக்காங்க.”

“ஆமா.”

“எதுக்கா இருக்கும்?”

அதற்குப் பதில் மறுநாள் ஜீப்பில் வந்தது. ஐயப் பிரிவு அதிகாரி இந்த முறை உட்காரவே இல்லை. “உங்க பொண்ணுகிட்ட இருக்கிற சரக்கை மீட்கணும்னு மேலிடத்து உத்தரவு.”

மனைவி சிட்டுவை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார். “எம் பொண்ணு மேல கை வெச்சுப் பாருங்க, தெரியும்.”

“அம்மா, நான் எப்படிம்மா எடுப்பேன்? டாக்டர்தான் எடுப்பாராம். மாத்திரை குடுத்தா ஈயம் அதுல ஒட்டிக்கிட்டு மூத்திரத்துல வந்துடுமாம். மருந்து கையிருப்பு இல்லையாம். நாங்க நேத்தே வரவழைச்சுட்டோம்.”

புரூஃப்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். “மருந்து வந்துடுச்சா?”

“பின்ன? அரசாங்கச் சொத்துய்யா. அப்படியே விட்டுடுவோமா?”

இப்படியாக சிட்டுவின் சிகிச்சை தொடங்கியது. ஜீப் காலையில் வந்து ஏற்றிக்கொண்டு போகும். மருத்துவமனையில் அவள் கட்டிலுக்குக் காவலர் ஒருவர். அவள் குளியலறைக்குப் போய்வந்தால், சீல் வைத்த பாட்டிலில் ‘மீட்கப்பட்டது’ என்று எழுதி, இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போவார்கள். அந்தப் பாட்டிலுக்கு ஒருவர் போதும். ஆனால் ஒருவரை நம்பி அனுப்ப வாரியம் தயாராக இல்லை.

வயிற்றுவலி குறைந்தது. ஒருநாள் ஜீப்பின் கதவில் எழுதியிருந்ததை சிட்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள். “ஐ… ய… ப்… பி… ரி… வு.” புரூஃப்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணில் தூசி என்றார். அதிகாரி எந்தத் தூசி என்று விசாரித்தார்.

“இது முதல் சுற்றுதான்,” என்றார் டாக்டர். “ஈயம் எலும்புக்குள்ள போய்ப் பதுங்கிக்கும். ரத்தம் சுத்தமானதும் மெல்ல வெளிய வரும். இடைவெளி விட்டு மறுபடி மறுபடி எடுக்கணும். பாதியில விட்டா பழையபடி ஏறிடும்.”

‘பதுங்கிக்கும்’ என்ற சொல் அதிகாரிக்கு மிகவும் பிடித்திருந்தது.

தெருவில் இதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கிளம்பியவர் தரகர்தான். கை விரல்கள் மரத்துப்போவது, சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது, காரணமில்லாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுவது, இதையெல்லாம் அவர் தொழிலின் கணக்கில் எழுதி வைத்திருந்தார். இப்போது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. நேராக வாரியத்துக்குப் போனார்.

“நானும் திருடிட்டேங்க.”

“எவ்வளவு காலமா?” என்றார் திருத்தம் மேடம்.

“பொறந்ததுலேருந்து.”

அடுத்த நாள் தெருவே வரிசையில் நின்றது. “நான் தினமும் திருடுவேன் மேடம், வெயில் காலத்துல இன்னும் அதிகமா திருடுவேன்.” “எங்க வீட்டுல சமையலுக்கும் திருடியிருக்கோம்.” “கைக்குழந்தைங்க, பால்ல கலந்து திருடினது.” வாரியம் வேறு வழியில்லாமல் எல்லோருக்கும் இரத்தம் எடுத்தது. ஆற்றைப் பற்றிச் சொன்னால் நம்பாத வாரியம், யாராவது தன்னைப் பற்றித் தானே கெட்டதாகச் சொன்னால் உடனே நம்பியது. எல்லோரிடமும் உலோகம் இருந்தது. சந்தேகத்தின் பேரில், வரிசையில் நிற்காதவர்களையும் சோதித்தார்கள். அவர்களிடமும் இருந்தது. பழக்கதோஷத்தில் வாரிய ஊழியர்களையும் சோதித்தார்கள்.

அந்த முடிவு வெளியே வரவில்லை. வாரியக் கேன்டீனுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரோ கேட்டதாகவும், கேட்டவரை வேறு ஊருக்கு மாற்றியதாகவும் மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை தலைவர் ஒலிபெருக்கி முன் நின்றார்.

“நகரம் முழுக்கத் திருடியிருக்கிறது என்பது வேதனை. இவ்வளவையும் மீட்பதென்றால் எவ்வளவு மாத்திரை, எவ்வளவு பாட்டில்! வாரியம் கடுமையானதுதான். ஆனால் கல்நெஞ்சம் கொண்டதல்ல. எனவே அனைவருக்கும் பொது மன்னிப்பு வழங்குகிறோம். இதுவரை உங்கள் உடலில் எடுத்துக்கொண்ட உலோகத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம்! உங்கள் பிள்ளைகளும் வைத்துக்கொள்ளலாம்! யாரும் கேட்க மாட்டார்கள்!”

கூட்டம் தட்டவில்லை. முன்வரிசை மட்டும் தட்டியது.

அதிகாரி வீடு வீடாக மன்னிப்புச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டு வந்தார். சிட்டுவின் இரண்டாம் சுற்று மறுநாள் தொடங்க வேண்டும். புரூஃப்காரர் வாசலிலேயே காத்திருந்தார்.

“இந்தாங்க, பொண்ணுக்கு மன்னிப்பு. இனிமே ஜீப் வராது. நிம்மதியா இருங்க.”

“வேண்டாம் சார்.”

“என்னது?”

“மன்னிப்பு வேண்டாம். என் பொண்ணு திருடிதான்.”

சான்றிதழை நீட்டிய கை அப்படியே நின்றது. மன்னிப்பு அறிவித்ததிலிருந்து வாடிக் கிடந்த அதிகாரியின் முகத்தில் உயிர் வந்தது. “மன்னிப்பை வேண்டாம்னு சொல்ற ஆளை நான் பார்த்ததே இல்லை. என்ன மறைக்கறீங்க?”

“ஒண்ணும் மறைக்கல சார்,” என்றார் புரூஃப்காரர், எதையோ மறைப்பவர்போல.

“பாப்பாவைக் கூப்பிடுங்க.”

சிட்டு வந்து நின்றாள். அதிகாரி குனிந்தார். “எடுத்ததெல்லாம் திருப்பிக் குடுத்துட்டியா?”

அப்பா அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது ஒரே சொல். அவள் சரியாகச் சொன்னாள். “இல்லை.” பிறகு தானாகவே, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “மீதிய தரமாட்டேன்!” என்றாள்.

“ஏன்?”

“என்னோடது.”

அதிகாரி நிமிர்ந்தார். சான்றிதழை இரண்டாகக் கிழித்தார். “இது திருந்தற கேஸ் இல்லை. மன்னிச்சா நாளைக்கு ஊரே கெட்டுடும். ஏத்துய்யா வண்டியில! நாளைக்கு என்ன நாளைக்கு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்!”

அம்மாவும் மகளும் ஏறிக்கொண்டார்கள். ஜீப் கிளம்பியது. கதவு வழியாக சிட்டு நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினாள். ஜீப்பில் இருந்த காவலர் அதையும் குறித்துக்கொண்டார்.

தரகர் தன் மன்னிப்புச் சான்றிதழைக் கையில் பிடித்தபடி படியிறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் எதிர்வீட்டு அம்மாள் கைக்குழந்தையோடு வந்தார். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர்.

“அண்ணே,” என்றார் தரகர் மெதுவாக. “மீதியக் கேட்டதுக்குப் பாப்பா என்ன சொல்லிச்சு?”

“தரமாட்டேன்னு.”

தரகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “தரமாட்டேங்க.”

புரூஃப்காரர் தலையை ஆட்டினார். “‘ங்க’வை எடுங்க. இப்படிச் சொன்னா நல்லவர்னு நம்பிடுவாங்க. சந்தேகம் வர்ற மாதிரி சொல்லுங்க.”